இரண்டு என்டர்

எனக்குப் பொறுமை கிடையாது. இதை வேறு யாரும் சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன். சோறு வெந்துவிட்டதா என்று மூடியைப் பத்துத் தரம் திறப்பேன். பஸ் வருகிறதா என்று றோட்டின் நடுவில் போய் நிற்பேன். "நீ மூடியத் திறக்கிறதாலதான் சோறு வேகுதில்ல பூரணி" என்று அருமைநாயகம் சீண்டுவார். அவர் என் புருஷன். வாழைச்சேனையில் துறைமுகத்துக்குப் போகும் றோட்டில், ஒரு தகரக் கூரைக்குக் கீழே, நாங்கள் இருவரும் ரைப்பிங் கடை வைத்திருந்தோம்.

கடை என்றால் ஒரு மேசை, மூன்று கதிரை, ஒரு பிரின்டர், ஒரு கிழட்டுக் கொம்பியூட்டர். கொழும்பில் ஏதோ ஒரு கம்பனி கழித்துப் போட்ட கொம்பியூட்டர் அது. எங்களுக்கு அண்ணன் முறையான ஓட்டமாவடி மீராசாஹிப் காக்கா நெல் இறக்கிவிட்டுத் திரும்பிய லொறியில் ஏற்றிவந்து தந்தார். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் அதைக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். குண்டு எதுவும் இருக்கவில்லை. சின்னதாய் ஒரு பற்றறி இருந்தது. பற்றறி கொண்டுபோகத் தடை என்று அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

பற்றறி இல்லாமலும் அது உழைத்தது. கலியாண அழைப்பிதழ், ரியூட்டரிப் பிள்ளைகளின் வினாத்தாள், மீன்பிடிச் சங்கத்தின் வள்ளப் பட்டியல், வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் பெண்களின் விபரம், அடையாள அட்டை தொலைந்தவரின் முறைப்பாடு, எல்லாம் அதில்தான். அடித்ததெல்லாம் பிளொப்பியில் போய்ச் சேரும். குறை ஒன்றே ஒன்று. நேரத்தை ஞாபகம் வைத்திருக்க அந்தப் பற்றறிதான் வேண்டுமாம். அது இல்லாததால், ஒவ்வொரு முறை போடும்போதும் முதலில் இன்று என்ன திகதி என்று கேட்கும், பிறகு என்ன மணி என்று கேட்கும். பதில் சொல்லாமல் என்டரைத் தட்டினால் தனக்குத் தெரிந்த ஒரே நாளை எடுத்துக்கொள்ளும். 1980 தை முதலாம் திகதி, அதாவது ஜனவரி ஒன்று, செவ்வாய்க்கிழமை, நள்ளிரவு பன்னிரண்டு மணி.

அருமைநாயகம் ஒவ்வொரு நாளும் சுவரில் தொங்கும் கலண்டரைப் பார்த்து, கையிலிருக்கும் மணிக்கூட்டைப் பார்த்து, இரண்டையும் ஒழுங்காகக் கொடுப்பார். நான் கொடுப்பதில்லை. தொண்ணூற்றாறாம் வருடம் நாடு முழுக்கக் கரண்ட் வெட்டு. ஒரு நாளில் மூன்று தரம் போய்வரும். மூன்று தரமும் திகதி, மூன்று தரமும் மணி. யாருக்கு இந்தக் கணக்கு? இரண்டு தரம் என்டரைத் தட்டிவிட்டு வேலையைத் தொடங்கிவிடுவேன்.

"திகதியப் போடு பூரணி. ஒரு நாளைக்குத் தேவைப்படும்."

"எண்பதாம் ஆண்டில சண்டையும் இல்ல, செக்பொயின்டும் இல்ல. அந்த மெசினுக்காவது நிம்மதியா இரிக்கட்டுமே" என்பேன்.

அவர் சிரிப்பார். பிறகு அந்தச் சிரிப்போடேயே என்னைத் தள்ளி உட்காரச் சொல்லி, கொம்பியூட்டரை நிறுத்தி மறுபடி போட்டு, திகதியைக் கொடுப்பார். அப்படி ஒரு மனிதர்.

அந்த வருடம் மே மாதம் பதினான்காம் திகதியும் செவ்வாய்க்கிழமைதான். வைகாசி பிறந்த நாள். கண்ணகை அம்மன் கோயில் வண்ணக்கர், கோயில் நிர்வாகம் பார்க்கிறவர், சடங்கு நோட்டீசுக்கான தாளை முதல்நாள் பின்னேரமே தந்துவிட்டுப் போயிருந்தார். எந்த நாள் கதவு திறப்பது, எந்த நாள் கலியாணக்கால் நடுவது, எந்தக் குடியாருக்கு எந்தப் பூசை என்று இரண்டு பக்கம். அருமைநாயகம் கடை வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஒன்பது மணி. நான் கொம்பியூட்டரைப் போட்டேன். அது கேட்டது. இரண்டு தரம் தட்டினேன்.

"திகதி போட்டியா?" என்று விளக்குமாற்றைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

"ஓம், போட்டன்" என்றேன்.

பொய். இன்னொரு தரம் அதை நிறுத்திப் போட்டுக்கொண்டிருக்க எனக்குப் பஞ்சியாக, சோம்பலாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். பெரிய காரணம் ஒன்று இருந்திருந்தால் இன்றைக்கு மனத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாவது இருந்திருக்கும்.

அவர் உட்கார்ந்து நோட்டீசை அடித்தார். பத்து மணிபோல தூரத்தில் ஒரு பெரிய சத்தம். திரையில் எழுத்து ஒருதரம் நடுங்கியது. அவர் கையை எடுத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். பக்கத்துக் கடைகளின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. நாங்களும் எங்கள் கதவைச் சாத்தினோம். வெளியே போனால்தான் ஆபத்து என்று உள்ளேயே இருந்து, மிச்சத்தையும் அடித்து முடித்து, பதினொன்றரைபோல பிளொப்பியில் பதிந்தார். அன்று காலை கடைக்கு ஒரு ஆள்கூட வரவில்லை. அதிசயமாக, அன்று கரண்டும் போகவில்லை. போயிருந்தால் அவர் மறுபடி போட்டுத் திகதி கொடுத்திருப்பார். இதை நான் எத்தனை தரம் நினைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

வியாழக்கிழமை ஆமிக்காரர் ஊரைச் சுற்றிவளைத்தார்கள். ஆண்களையெல்லாம் மைதானத்தில் இருத்தி, ஒவ்வொருவராக ஜீப்புக்கு முன்னால் நடக்கவிட்டார்கள். உள்ளே சாக்கால் முகத்தை மூடிய, ஆள் காட்டிக்கொடுக்கும் தலையாட்டி ஒருவன் இருந்தான். அருமைநாயகத்தைக் கண்டதும் அந்தச் சாக்கு மேலும் கீழும் அசைந்தது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கண்ணிவெடி வெடித்த இடத்தில் அவர் நின்றதைக் கண்டதாகச் சொன்னானாம். அந்த நேரம் அவர் அம்மனுக்குக் கதவு திறக்கும் நாளை அடித்துக்கொண்டிருந்தார்.

அவரைக் கொண்டுபோய் வைத்திருந்த முகாம் வாசலில் இரண்டு நாள் நின்றேன். மீராசாஹிப் காக்காவுக்குச் சிங்களம் தெரியும், வியாபாரத்துக்குப் பொலன்னறுவைக்குப் போய்வருகிறவர். அவர்தான் கூட நின்று வாசல்காரனோடு கதைத்துக் கதைத்து, சனிக்கிழமை என்னை உள்ளே விடவைத்தார். அங்கே இருந்த அதிகாரி இளம் ஆள். தமிழ் கொஞ்சம் தெரியும். நான் எதிர்பாராதது, அவருடைய மேசையிலும் ஒரு கொம்பியூட்டர் இருந்தது.

"நீங்க மனைவி. மனைவி சாட்சி சொன்னா எடுக்க ஏலாது. வேற யார் கண்டது?"

"ஒருத்தரும் இல்ல சேர். ஆனா அவர் ரைப் பண்ணின நோட்டீஸ் இரிக்கி."

அவர் யோசித்தார். "உங்கட கணவனும் அதைத்தான் சொன்னார். கொம்பியூட்டர் ஒவ்வொன்றுக்கும் திகதி, மணி எழுதி வைக்கும், தெரியுமா? அந்த பிளொப்பிய கொண்டு வாங்க. ஆக்கள் பொய் சொல்லும். மெசின் பொய் சொல்லாது."

எனக்கு வந்த சந்தோசத்தை என்னவென்று சொல்வது! அந்த மனிதனைக் கையெடுத்துக் கும்பிட்டேன். வாசலில் நின்ற காக்காவிடம் சொல்லிக்கொண்டே ஓடினேன். கடையைத் திறந்து, கோயில் நோட்டீஸ் என்று அருமைநாயகம் அழகாக எழுதி ஒட்டியிருந்த பிளொப்பியை எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்தேன். பின்னாலேயே மூச்சு வாங்க வந்து சேர்ந்த காக்கா கேட்டார்.

"ஒருக்கா மெசின்ல போட்டுப் பாத்துட்டுப் போவமா தங்கச்சி?"

"நேரமில்ல காக்கா. மறுகா அந்தாள் மனசு மாறினா?"

செவ்வாய்க்கிழமை காலையில் நான் சொன்ன பொய் எனக்கே மறந்துபோயிருந்தது. ஓடினேன்.

நான் திரும்பிப் போனபோது அருமைநாயகத்தையும் அந்த அறைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. சட்டையில் பொத்தான் இல்லை. பிளொப்பி என் கையிலிருப்பதைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "கொண்டு வந்திட்டியா" என்று மெல்லக் கேட்டார். அதுதான் அவர் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு.

அதிகாரி பிளொப்பியைத் தன் கொம்பியூட்டரில் செருகி எதையோ தட்டினார். பெயர்களும் பக்கத்தில் இலக்கங்களும் வரிசையாக வந்தன. குனிந்து பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். போன வருடத்துச் சடங்கு நோட்டீசுக்குச் சரியான திகதி, சரியான மணி. சித்திரை வருடப்பிறப்பு நோட்டீசுக்கும் சரி. பங்குனிப் பூசைக்கும் சரி. கடைசி வரியில் மட்டும் 1980 தை முதலாம் திகதி. அதிகாலை 2.31.

செவ்வாய்க்கிழமை தட்டிய இரண்டு என்டரும் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தன.

"எல்லாத்துக்கும் திகதி இருக்கு. எங்களுக்குத் தேவையான நாளுக்கு மட்டும் இல்ல. ஏன்?"

"சேர், அது செவ்வாய்க்கிழமை சேர். எண்பதாம் ஆண்டு தை முதலாம் திகதியும் செவ்வாய்க்கிழமைதான். ஒன்பது மணிக்குப் போட்டது சேர், அதுக்கு அது பன்னிரண்டு மணி. ரெண்டரை மணித்தியாலம் கூட்டிப் பாருங்க..." நான் என்ன உளறினேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் தலையை ஆட்டினார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இந்தப் பாழாய்ப்போன ஆத்திரம். "உங்கட ஆக்கள்தானே செக்பொயின்டில பற்றறியப் பிடுங்கினது!" என்று கத்தினேன்.

அதிகாரியின் முகம் மாறியது. அதற்குப் பிறகு அவர் குரல் உயரவே இல்லை.

"பற்றறி இல்லாட்டி, போடும்போது திகதி கேட்கும். எனக்குத் தெரியும். கேட்டும் கொடுக்காம விட்டது வேணுமெண்டு செய்த வேலை. செவ்வாய்க்கிழமை மெசினைப் போட்டது யார்?"

நான் வாயைத் திறந்தேன். நான்தான் என்று சொல்லத்தான் திறந்தேன், சத்தியமாக. என் பஞ்சி, என் இரண்டு என்டர், என் பொய்.

"நான்தான் சேர்" என்றார் அருமைநாயகம்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கடைய நான்தான் திறந்தன். மெசினையும் நான்தான் போட்டன். இவ அதுக்குப் பிறகுதான் வந்தவ. இவக்கு ஒண்டும் தெரியாது." வாழ்க்கையில் ஒரு நாளும் திகதி போடாமல் விடாத மனிதர். செவ்வாய்க்கிழமை நான் "ஓம், போட்டன்" என்று அவரிடம் சொன்னது பொய் என்பது அந்த நிமிடத்தில்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். கோபப்படக்கூட அவருக்கு நேரம் இருக்கவில்லை. அந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னால் என்னையும் வைத்துக்கொள்வார்கள் என்பதை மட்டும் கண்டுபிடித்துவிட்டார்.

"இல்ல சேர், நான்தான்" என்றேன். குரல் வெளியே வந்ததா என்று தெரியவில்லை. அதிகாரி ஒரு தாளில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். பிளொப்பியை வெளியே எடுத்து என் பக்கம் தள்ளினார். "கொண்டு போங்க" என்றார். இரண்டு பேர் வந்து அருமைநாயகத்தை உள்ளே கூட்டிப்போனார்கள்.

ஒரு மாதம் கழித்து அவரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். அந்த வேறு இடத்துக்குப் போனால், அப்படி ஒரு பெயர் இங்கே இல்லை என்றார்கள். நான் எழுதாத ஆள் இல்லை. எல்லாக் கடிதத்தையும் அதே கொம்பியூட்டரில்தான் அடித்தேன். கரண்ட் போய்வந்தால், கலண்டரைப் பார்த்து, மணிக்கூட்டைப் பார்த்து, இரண்டையும் ஒழுங்காகக் கொடுப்பேன். மூன்று வருடத்தில் ஒரு நாளும் வெறும் என்டர் தட்டியதில்லை. மீராசாஹிப் காக்கா கடிதங்களைத் தானே கொண்டுபோய்ப் பதிவுத்தபாலில் போட்டுவிட்டு வருவார். அன்றைக்கு ஒருக்கால் போட்டுப் பார்ப்போம் என்று தான் கேட்டதை இதுவரை ஒரு வார்த்தை சொல்லிக்காட்டியதில்லை. சொல்லித் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இடையில் இரண்டு வருடம் வேறு இடத்தில் அடிப்பித்த வண்ணக்கர், போன கிழமை இந்த வருடச் சடங்கு நோட்டீசைக் கொண்டுவந்தார். பழையதில் நாட்களை மட்டும் மாற்றினால் போதும் என்றார். அந்தப் பிளொப்பியை மூன்று வருடத்துக்குப் பிறகு கையில் எடுத்தேன். கொம்பியூட்டரைப் போட்டேன். இன்று என்ன திகதி என்று கேட்டது. எனக்குத் திடீரென்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுத்தானே என்னை இந்தக் கதிக்கு ஆளாக்கினாய் என்று, 1996 மே பதினான்கு என்று அடித்தேன். என்ன மணி என்று கேட்டது. பதினொன்றரை என்றேன்.

அது ஏற்றுக்கொண்டது. ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை.

அருமைநாயகம் அடித்த நோட்டீசைத் திறந்தேன். ஓர் எழுத்தையும் தொடாமல் அப்படியே மறுபடி பதிந்தேன். பிறகு பட்டியலைப் பார்த்தேன். கடைசி வரியில், மற்ற எல்லாவற்றையும் போலவே ஒழுங்காக, 1996 மே பதினான்கு, பதினொன்று முப்பத்தொன்று.

இரண்டு நிமிடம் எடுத்தது. காக்கா சொன்னபடி அன்றைக்கு ஒருதரம் போட்டுப் பார்த்திருந்தால், இரண்டே நிமிடம். அது பொய்யும் இல்லை. அந்த நாளில் அந்த மணிக்கு அவர் இந்தக் கதிரையில்தான் இருந்தார், என் பக்கத்தில், முழங்கை படுகிற தூரத்தில். அதைச் சொல்வதற்கு எனக்கு இரண்டு நிமிடப் பொறுமை இருக்கவில்லை.

வண்ணக்கர் முன்னால் இருந்துகொண்டு, "முடிஞ்சுதா மகள்?" என்று கேட்டார். பிளொப்பியை வெளியே எடுத்தேன். அருமைநாயகம் எழுதி ஒட்டிய தாள் இன்னும் உரியவில்லை. சரியான திகதி போட்ட அதை இனி யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியாமல், கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.