அழுகைக்கு முறை வைத்தவர்கள்

குத்தாலத்தில் மோகனப்பிரியாவின் ஐந்து மாதக் குழந்தை திங்கட்கிழமைகளில் அழுதால், சத்தம் மூன்று தெரு தள்ளி பாத்திமா வீட்டுக் கூடத்தில்தான் கேட்கும். பாத்திமா வெறுங்கையை ஏந்தித் தட்டிக்கொடுப்பாள்; குழந்தை இங்கே தன் வீட்டில் அடங்கிவிடும். செவ்வாய்க்கிழமை வித்யாலக்ஷ்மியின் முறை. இப்படி ஏழு தாய்மார், ஞாயிறு மோகனப்பிரியாவுக்கு. ஒரு நாள் ஏழு குழந்தைகளின் அழுகையையும் சுமந்தால் மீதி ஆறு நாள் நிம்மதி. ஊரில் யாரும் பெரிதாக வியக்கவில்லை. விக்கலும் இதில் சேர்த்தியா என்று மட்டும் சிலர் விசாரித்தார்கள்.

புதன்கிழமை மதியங்களில் டியூஷன் சென்டர் மாடியில் கைக்குழந்தைகளோடு கூடிப் பேசுவது அவர்கள் வழக்கம். தாய்ப்பால் பற்றாதது, ஆறாத தையல் என்று பேச்சு ஓடும். ஒரு புதனன்று மோகனப்பிரியா, "பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல புள்ளைய வச்சிட்டு மாயவரம் பஸ்ல ஏறிட்டேன்க்கா. வண்டி கெளம்புனப்புறம்தான் கத்தி நிறுத்தி ஓடியாந்தேன். அடுத்த தடவ கத்துவேனான்னு எனக்கே தெரியல" என்றாள். யாரும் அவளைத் திட்டவில்லை. நிலபுலன் பார்த்து வளர்ந்த வித்யாலக்ஷ்மி, "தண்ணி பத்தலைன்னா வாய்க்கால்ல முறை வைக்கிறதில்லையா? நமக்குத் தூக்கம் பத்தல, அவ்வளவுதான்" என்று டியூஷன் அட்டவணையின் பின்பக்கம் ஏழு பெயரையும் எழுதினாள். மறுநாள் விடிந்ததிலிருந்து அழுகை அந்தத் தாளின்படி நடந்தது. கூட்டத்துக்கு இரண்டு வாரம் வராதவர் பெயர் அடிக்கப்படும் என்பது மட்டுமே சட்டம்.

மீன் கடை வைத்திருந்த மோகனப்பிரியாவின் மாமனார் காயாரோகணத்துக்கு இது பொறுக்கவில்லை. "எம் பேரன் அழுவுறத அடுத்த வீட்டுக்காரி கேக்குறதா? மானம் போவுது" என்று இரண்டு புதன் வாசல் கேட்டைப் பூட்டினார். தாளில் அவள் பெயர் அடிபட்டது, பிள்ளையின் அழுகை மொத்தமும் வீடு திரும்பியது. ஒரு வாரம் கண் மூடாத மோகனப்பிரியாவுக்கு மாயவரம் பஸ் நேரங்கள் மனப்பாடமாகிவிட்டன. அது அவளைப் பயமுறுத்தியது. மூன்றாவது புதன் கொல்லை வேலியைப் பிரித்துக்கொண்டு, பிள்ளையோடு தெருவே பார்க்க நடந்து போனாள். மாடிக்கு வந்தவள் பேனாவைத் தானே வாங்கினாள். "ஞாயித்துக்கெழம என் முறைதானே? அத எங்க மாமனார் பேருக்கு மாத்துறேன்." கொட்டை எழுத்தில் எழுதிக் கீழே கோடும் போட்டாள்.

ஞாயிறு பத்து மணிக்கு, கடையில் கூட்டம் நெரிந்தபோது, காயாரோகணத்தின் மடியிலிருந்து ஏழு குழந்தைகளும் வீறிட்டன. அவர் கத்தியை ஓங்கிப் போட்டார், ரேடியோவை அலறவிட்டார். அழுகை அதற்கு மேல் போனது. "கையக் கழுவிட்டுத் தூக்குங்க பெரியவரே" என்றாள் பையோடு நின்ற ஒருத்தி. நண்பகல்வரை வீம்பு பிடித்தவர், சண்டை போட வீட்டுக்கு விரைந்தார். வாசலை மறித்து நின்றான் மகன் ரஞ்சித். "தூங்குறாப்பா. எழுப்பாதீங்க. இன்னைக்கு உங்க முறை."

மோகனப்பிரியா நான்கு மணிக்கு எழுந்து, யாரும் சொல்லாமலே பிள்ளையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அதன் முகம் அவளுக்குப் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குபவர்கள் இப்போது செதிலைத் தாங்களே சீவிக்கொள்கிறார்கள். காயாரோகணத்துக்குக் கை ஒழிவதில்லை.