இரண்டு முறை திறந்த கதவு

பதிப்பகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பூதக்கண்ணாடி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். டயர் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறை. உள்ளறையில் ஜன்னலோரம் அவள் மேசை. கீழே டயரைத் தட்டுகிற தட்டில் மேசைமேல் பென்சில் உருளும், அவள் பார்வை மட்டும் நகராது. அவள் கைபட்ட புத்தகத்தில் ஒரு பிழை கண்டுபிடித்தால் விருந்து வைப்பதாகப் பதிப்பாளர் வேடிக்கையாகச் சொல்லி வைத்திருந்தார். அந்த விருந்தை இதுவரை யாரும் சாப்பிட்டதில்லை.

அவள் வித்தை ஒன்றே ஒன்றுதான். அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்க வரும் புரூஃபைக் கீழிருந்து மேலே படிப்பாள். கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் தொடங்கி, வரி வரியாக ஏறி, முதல் பக்கத்துத் தலைப்பில் வந்து முடிப்பாள். மேலிருந்து படித்தால் கதை ஆளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். அப்புறம் கொம்பு எங்கே, புள்ளி எங்கே என்று யார் பார்ப்பது? கீழிருந்து படித்தால் கதையின் பாச்சா பலிக்காது. அலமாரி அலமாரியாகப் புத்தகங்களைப் பார்த்துத் தள்ளியவளுக்கு, அவற்றில் ஒன்றில்கூட யார் யாரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள் என்று தெரியாது. அதை ஒரு குறையாகவும் அவள் நினைத்ததில்லை.

அப்படிப்பட்டவள் மேசைக்குத்தான் அவளுடைய ஓரகத்தியின் புத்தகம் வந்து சேர்ந்தது. ஓரகத்தி என்றால் கணவனின் தம்பி மனைவி, வீட்டில் சின்னவள். இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில். தன் கணவன் வேலை பார்த்த கிழக்காசிய நாடு ஒன்றில் சில வருடம் இருந்துவிட்டு வந்த சின்னவள், அங்கே கற்றுக்கொண்ட மொழியிலிருந்து அந்நாட்டின் பழம்பெரும் நாவல் ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவந்திருந்தாள். அவள் எழுதத் தொடங்கிய நாளிலிருந்து வீட்டில் பால் பொங்காத வாரம் இல்லை. "எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன்னாடி எவளோ பட்ட பாட்டுக்கு இங்க நம்ம பாத்திரம் கருகுது" என்று பூதக்கண்ணாடி பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே குத்திக் காட்டுவாள். சின்னவள் சிரித்துக்கொண்டே அடுத்த பால் பாத்திரத்தை வைத்துவிட்டு எழுதப் போய்விடுவாள்.

முதல் புரூஃப் பார்த்து முடித்த அன்று சாயங்காலம், பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தவளைப் பதிப்பாளர் நிறுத்தினார்.

"புத்தகம் ரொம்பக் கனமா இருக்கு. நடுவுல கொஞ்சம் இழுக்குதோ? முழுசாப் பார்த்தது நீங்க ஒருத்தர்தான். சொல்லுங்க."

அவள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். "நடுவுலயா சார்? மழை பெய்யுது, துணி காயுது, மறுபடி மழை பெய்யுது. பக்கம் பக்கமா அதேதான்."

"நினைச்சேன்" என்றார் அவர். நடுப்பகுதியை எடுத்துவிடச் சொல்லிக் கணினியில் பக்கம் கட்டுபவரிடம் அப்போதே சொல்லிவிட்டார்.

அவள் வீடு போய்ச் சேருமுன் சின்னவளுக்குப் போனில் விஷயம் போயிருந்தது. சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். அழுது ஆர்ப்பாட்டம் செய்திருந்தால் பூதக்கண்ணாடி சமாளித்திருப்பாள். சின்னவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"நீங்க படிச்சீங்கதானே அக்கா?"

"ஒரு எழுத்து விடாம."

"சரி. நீங்களே இழுக்குதுன்னு சொன்னா இழுக்கத்தான் செய்யும். எனக்குத்தான் ஒட்டிக்கிட்டுப் பார்த்துப் பார்த்துத் தெரியல போல. எடுத்துடட்டும்."

சொல்லிவிட்டு மாவை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டாள். இரவு சாப்பிட வரவில்லை. தன்னைத் திட்டியிருந்தால் தேவலை, நம்பித் தொலைத்தாளே என்றிருந்தது பூதக்கண்ணாடிக்கு. படிக்காத புத்தகத்துக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்தவள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, திருத்திய புரூஃபின் நகலை மடியில் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.

உப்புக் கிடங்கு வைத்திருந்த ஒருவனின் இரண்டு பெண்கள். அப்பா செத்த அன்று வாய்தவறி விழுந்த ஒரு சொல்லால் அக்காவும் தங்கையும் பேச்சை நிறுத்துகிறார்கள். ஒரே வீடு, நடுவில் ஒரு முற்றம், எதிரெதிரே இரண்டு கதவு. அங்கிருந்துதான் அந்த நடுப்பகுதி தொடங்குகிறது. மழை வருகிறது. வெளியே போயிருக்கும் தங்கையின் துணியை அக்கா எடுத்து மடித்து அவள் வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள், ஒரு வார்த்தை கிடையாது. அடுத்த மழையில் தங்கை அக்காவின் துணியை எடுக்கிறாள். ஒரு மழையில் யாரும் எடுக்கவில்லை, துணி நனைகிறது. என்ன ஆச்சோ என்று படிக்கிறவள் அவசர அவசரமாகப் பக்கத்தைத் திருப்புகிறாள். இருவருக்கும் தலை நரைக்கிறது. எழுதியவனோ எழுதியவளோ, அந்த ஆளுக்கு எத்தனை பொறுமை இருந்திருக்க வேண்டும் என்று பூதக்கண்ணாடி வாய்விட்டே சொன்னாள். பக்கம் பக்கமாக மழையையும் துணியையும் தவிர வேறெதையும் காட்டாமல், அந்த இரண்டு பேரும் பேசிவிட மாட்டார்களா என்று முன்பின் தெரியாத ஒருத்தியை ஏங்க வைப்பது சாமானியமான காரியமா? அந்தப் பகுதியின் கடைசியில் காய்ச்சலோடு தங்கை முற்றத்தைக் கடந்து வந்து நிற்கிறாள். அக்கா கதவைத் திறந்து, 'சாப்பிட்டாயா?' என்று கேட்கிறாள். அவ்வளவுதான்.

அவள் கணவன் வந்து பார்த்தபோது வீடெல்லாம் தீய்ந்த வாடை. பால் பாத்திரம் கரியாகிக் கிடந்தது. இவள் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"யாரு போயிட்டாங்க?" என்றான் பதறிப்போய்.

"யாரும் போகல. போங்க அந்தப் பக்கம்."

பாத்திரத்தை ஊறப்போட்டாள். தட்டில் சாப்பாடு எடுத்துக்கொண்டு சின்னவள் அறைக்குப் போனாள். சாப்பிட்டாயா என்று கேட்க வாயெடுத்தாள், முடியவில்லை. தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு, "நான் நேத்துச் சொன்னது படிக்காமச் சொன்னது. இப்பத்தான் படிச்சேன்" என்றாள். சின்னவள் அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததே போதுமாயிருந்தது. தட்டை இழுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை பதிப்பாளர் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் எதிரில் போய் நின்றாள்.

"அந்த நடுப்பகுதியை எடுத்தா மிச்சமிருக்கறது வெறும் அட்டைதான் சார்."

"மழை, துணின்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

"பார்த்தேன் சார், படிக்கல. பார்க்கறதுதானே என் வேலை. நீங்க மேலேருந்து படிங்க. ஒரு பக்கம்கூடத் தாண்டாதீங்க. அப்புறமும் வெட்டணும்னு தோணுச்சுன்னா வெட்டுங்க, நான் வாயே திறக்கல."

இத்தனை வருடத்தில் அவள் ஒரு புத்தகத்துக்காகப் பேசி அவர் கேட்டதில்லை. அந்த ஆச்சரியத்திலேயே புரூஃப் கட்டை வீட்டுக்கு எடுத்துப் போனார். வாரக் கடைசியில் கட்டோடு திரும்பி வந்தார். வெட்டிய பக்கங்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். அவளிடம், "கடைசி புரூஃப் உங்க பொறுப்பு. இவ்வளவு பெரிய புத்தகத்துல ஒரு பிழையும் இருக்கக் கூடாது" என்றார். அச்சுக்குப் போகுமுன் தானும் ஒருமுறை பார்ப்பதாகச் சொன்னார்.

புத்தகம் வந்தது. அலுவலகத்தில் எல்லோரும் முகர்ந்து பார்த்தார்கள். சின்னவள் முதல் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் பார்த்துப் பதிப்பாளரின் மச்சான் வந்தார். புத்தகம் படிக்கிற பழக்கம் ஜென்மத்துக்கும் இல்லாதவர். டீ வருகிறவரை கைக்கு வேலை வேண்டுமே என்று ஒரு பிரதியை நடுவில் பிரித்தார்.

"என்ன மாப்பிள்ளை, ஒரே வரியை ரெண்டு தடவை போட்டிருக்கீங்க?"

பதிப்பாளர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். 'அவள் கதவைத் திறந்து, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.' அடுத்த வரியும் அதேதான். வெட்டியதைத் திரும்பச் சேர்த்தபோது விழுந்த பிழை. குழந்தைகூடக் கண்டுபிடிக்கும்.

"நீங்க எப்படிம்மா இதை விட்டீங்க?"

பூதக்கண்ணாடிக்கு முகம் சுண்டிப்போனது. "கீழேருந்துதான் சார் பார்த்துக்கிட்டு வந்தேன். இந்த அத்தியாயம் வந்ததும் முடியல, மேலே போய் ஆரம்பிச்சுட்டேன். அவ கதவைத் திறந்தா. அதுக்கப்புறம் எனக்கு எழுத்து தெரியல."

பதிப்பாளர் கோபப்படத் தயாராகத்தான் நின்றார். ஆனால் அந்தப் பக்கத்தை அவரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். சின்னவளைத் திரும்பிப் பார்த்தார். காலையிலிருந்து அதே பக்கத்தை எத்தனை தடவை படித்தாளோ, அவளும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கு விருந்து உண்டில்ல?" என்றார் மச்சான்.

பூதக்கண்ணாடி புத்தகத்தை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போனாள். பிழையை அடுத்த பதிப்புக்குக் குறித்துக்கொள்ள வேண்டும். பென்சிலை எடுத்துக்கொண்டு, அத்தியாயத்தின் தொடக்கத்திலிருந்து, மேலிருந்து படித்துக்கொண்டே வந்தாள். மழை வந்தது. தங்கை முற்றத்தைக் கடந்தாள். பக்கத்தைத் திருப்பிய பிறகுதான் கையில் பென்சில் சும்மா இருப்பது அவளுக்கு உறைத்தது. மச்சானைக் கூப்பிட்டு, அந்த வரி எங்கே என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னாள்.