கை தூக்கினால் ஈரல்

“சும்மா இருக்கும்போது பூனைக்குட்டி மாதிரிதான் தம்பி. சாயங்காலம் ஜெபத்துல கையை உயர்த்தினோம்னா போச்சு, பாய்ஞ்சிடுது” என்று ஞானசௌந்தரி டீச்சர் மகள் ஜோசலினின் கட்டுப்போட்ட மணிக்கட்டைக் காட்டினார்.

நாயைப் பழக்க வந்திருந்த குப்புராஜ் ஓரடி பின்வாங்கினான். கட்டைப் பார்த்தல்ல, நாயைப் பார்த்து. அந்த இடது காதுக் கிழிசல்... டைசனேதான்!

முடிச்சூரில் ரியல் எஸ்டேட் மோகன்ராஜின் காலி மனைகளைக் காத்த நாய் அது. கை உயர்ந்தால் கவ்வு என்று அதைப் பழக்கியவன் சாட்சாத் குப்புராஜ். கட்டையை ஓங்குகிறவன், கல்லெறிகிறவன், சுவரேறுகிறவன் எல்லோருக்கும் கை மேலேதானே போகும்? ஜெபிக்கிறவர்களுக்கும் போகும் என்பது அப்போது அவன் மண்டையில் ஏறவில்லை. மனையெல்லாம் ஃபிளாட் ஆனதும் மோகன்ராஜ் நாயைத் தெருவில் விட, டீச்சர் இரக்கப்பட்டுச் சிட்லபாக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

கடிநாய்த் தொழிலைத் தலைமுழுகி, ‘அடியில்லை, அதட்டலில்லை, அன்பால் பழக்குகிறோம்’ என்று போர்டு மாட்டிய பிறகு குப்புராஜுக்கு வந்த முதல் கேஸ் இது. உண்மையைச் சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டான்.

டீச்சரின் கணவர் ஏசுபாதம் வளவளவென்று பேசுகிற ஆசாமி இல்லை. “ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்போம். அப்புறமும் கடிச்சா ஊசி போட்டு முடிச்சிட வேண்டியதுதான்.”

“கடிக்காது சார். நான் கேரண்டி.”

இது என்ன மிக்ஸியா, கேரண்டி கொடுக்க?

வேகவைத்த கோழி ஈரலைப் பையில் போட்டுக்கொண்டு தினமும் வந்தான். கை இடுப்பளவு உயர்ந்தது; டைசன் அசையவில்லை, ஈரல். தோளளவு, ஈரல். வீட்டுக்காரர்களையும் ஒவ்வொருவராகக் கை தூக்கவைத்தான். டைசன் சப்பணமிட்ட சாமியார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

நடுவில் மோகன்ராஜ் போன் செய்தார். “டேய் குப்பு, கேளம்பாக்கத்துல புது சைட்டு கீது. ரெண்டு குட்டி வாங்கிகினு வந்துட்டேன். வந்து ஏத்திவுடு.”

“நான் அந்த லைன்ல இல்லண்ணா.”

“இன்னா பெரிய லைனு? நேத்து வரைக்கும் கடிக்க சொல்லிக் குடுத்துட்டு, இன்னிக்கு முத்தம் குடுக்க சொல்லித் தரியா? சோத்துக்கு இன்னாடா பண்ணுவ?”

ஞாயிற்றுக்கிழமை வந்தது. “ஸ்தோத்திரம் ஆண்டவரே!” மூன்று ஜோடிக் கைகள் உயர்ந்தன. குப்புராஜ் சுவரோரம் நின்றான். டைசன் அவனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. உறுமல்கூட இல்லை.

ஜோசலின் கைகொட்டிச் சிரித்தாள். “அண்ணா, சூப்பர்ணா!”

டீச்சர் கேக்கை நீட்டினார். எங்கள் சபையில் நாலு வீட்டில் நாய் இருக்கிறது, எல்லோரிடமும் சொல்கிறேன் என்றார். குப்புராஜ் காற்றில் நடந்து கேட்டைத் தாண்டினான். வண்டியை உதைத்தான்.

உள்ளே, நல்லபடியாக முடிந்ததற்காக ஒரு சின்ன நன்றி ஜெபம் ஆரம்பித்தார்கள்.

அலறல்!

ஓடினான். ஏசுபாதத்தின் முழங்கை டைசனின் வாயில்.

“விடு!”

ஒரே சொல். விட்டுவிட்டது. உட்கார்ந்து, வாலை ஆட்டி, அவன் பையைப் பார்த்தது.

அப்போதுதான் குப்புராஜுக்கு உறைத்தது. பழக்கிய ஒரு வேளையிலும் அவன் அந்த அறையைவிட்டு வெளியே போனதில்லை. டைசன் படித்த பாடம், குப்புராஜ் இருந்தால் கடிக்காதே என்பதுதான். கடிநாய்த் தொழிலில் ஒருத்தன் பேச்சை மட்டும் கேட்கிற நாய்க்குத்தான் மவுசு. போர்டை மாற்றினான், புத்தியை மாற்றவில்லை.

“இன்னும் ஒரு வாரம் சார். நான் வெளியவே நின்னுகினு, மொதல்லேர்ந்து...”

ஏசுபாதம் ரத்தத்தைத் துண்டால் அழுத்திக்கொண்டே கேட்டார். “அப்புறம் ஆயுசுக்கும் இங்கேயே குடியிருப்பீங்களா தம்பி?”

குப்புராஜ் ஈரல் பையைச் சுருட்டிக் கட்டினான்.

மறுநாள் மேற்குத் தாம்பரத்தில் ஒரு நாய் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். டைசன் யாரையும் கிட்டே சேர்க்கவில்லை. டாக்டர் ஊசியோடு தள்ளியே நின்றார். “யாராவது அசையாம பிடிங்கப்பா!”

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குப்புராஜ் முன்னால் வந்து நின்றான். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினான்.

டைசன் சட்டென்று உட்கார்ந்தது. வால் தரையைப் பெருக்கியது. டாக்டர் பின்னாலிருந்து நெருங்கி ஊசியை ஏற்றியதை அது திரும்பியே பார்க்கவில்லை.

“பிரமாதம்! நல்லா பழக்கியிருக்கீங்களே!” என்றார் டாக்டர்.

குப்புராஜ் கையை இறக்கி ஈரலை நீட்டினான். டைசன் முகர்ந்தது. ஒரு முறை நக்கியது. வாயில் வாங்க நேரமில்லை. தலை அவன் உள்ளங்கையிலேயே சாய்ந்துவிட்டது.

வெளியே வந்து ஈரலைச் சாக்கடையில் எறிந்துவிட்டுப் போனை எடுத்தான்.

“அண்ணா, கேளம்பாக்கத்துல எந்த இடம்?”