முன் படம், பின் படம்

எங்கள் தெருவில் எடை குறைக்கிற பொடி விற்கும் பிரீத்தியின் மையத்துச் சுவரில் என் படங்கள் இரண்டு தொங்கின. ஒன்றின் கீழே ‘முன்’ என்றும் இன்னொன்றின் கீழே ‘பின்’ என்றும் சிவப்பு எழுத்தில் அச்சடித்திருந்தது. நல்ல அச்சுதான். சிவகாசியை ஒட்டின எங்கள் திருத்தங்கலில் அச்சுக்கா பஞ்சம்?

‘முன்’ படத்தில் நான் குண்டாக இருந்து சிரிக்கிறேன். என் நாத்தனார் மகள் கல்யாணத்தில் எடுத்தது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் யாகூப் நின்றிருந்தார். படத்திலிருந்து அவரை வெட்டிவிட்டார்கள். வெட்டியவருக்கு அதையும் ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை. ஓரத்தில் அவருடைய கட்டம் போட்ட சட்டைக் கையும் கைக்கடிகாரமும் மிச்சம் இருந்தன. ‘பின்’ படத்தில் நான் மட்டும். கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு. அதற்கும் கீழே, ‘பதினாலு நாள் டீடாக்ஸ் தந்த புது வாழ்வு!’ என்று போட்டிருந்தது.

புது வாழ்வாம். வாயில் நல்லதாக வருகிறது எனக்கு.

நான் எளைத்த கதையைச் சொல்லிவிடுகிறேன். யாகூப் சொந்தமாக லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். சிவகாசியில் ஒரு கம்பெனி வாசலில் அட்டைப்பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. பிரஷர் வந்த நாளிலிருந்து வீட்டில் உப்பைப் பாதியாகக் குறைத்து, எண்ணெய் பரோட்டாவை நிறுத்தி, கருவாட்டை வாசலோடு திருப்பியனுப்பி, எம்புட்டோ கட்டுப்பாடு. “ஆஸ்பத்திரிச் சோறு நல்லாருக்கு பேகம்” என்று ஒவ்வொரு வேளையும் முணுமுணுத்துக்கொண்டேதான் சாப்பிடுவார். கடைசியில் அதெல்லாம் ஒன்றுக்கும் உதவவில்லை.

எங்களில் புருஷன் மவுத்தானால் பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். இத்தா என்போம். அந்த இத்தாவில் எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் அழுதார்கள், நான் அவர்களுக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். பசியும் வரவில்லை. அழுகையும் பசியும் ஒரே வாசல் வழியாகத்தான் வரும் போலிருக்கிறது. சோற்றை வாயில் வைத்தால் நான் வேலை பார்க்கிற பிரஸ்ஸில் காய்ச்சுகிற பசை மாதிரி அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மிஞ்சிப்போனால் இரண்டு பிஸ்கட், இல்லாவிட்டால் வெந்நீர் மட்டும்தான் இறங்கியது. அதைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்லூரிக்குப் போகிற என் மகள் ஹாதியா சமையலைக் கையில் எடுத்தாள். அவள் என்ன சமைத்தாள் என்றுகூட எனக்குத் தெரியாது.

இத்தா முடிந்து வேலைக்குப் போனபோது காலண்டர் சீசன் தொடங்கியிருந்தது. தினசரிக் காலண்டருக்கு மேல்பக்கம் தகரப்பட்டை அடிக்கிற பிரிவில் எனக்கு வேலை. உள்ளே நுழைந்ததும் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்கள். அதோடு விட்டார்களா? ஒரு வாரம் போகவில்லை, துக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு என் இடுப்பைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

“எப்படிக்கா இம்புட்டு எளைச்சீக? என்னதான் சாப்பிடுறீக?”

“காலைல வெந்நீ, சாயங்காலம் வெந்நீ. நடுவுல ஒண்ணும் கெடையாது. நீங்களும் குடிங்க, எலும்பெல்லாம் நல்லாத் தெரியும்” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். என் மிஷினுக்குப் பக்கத்து மிஷினில் நிற்கிற கற்பகவல்லி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு இருபத்திரண்டு வயது. தை மாதம் கல்யாணம் பேசியிருந்தார்கள். பூ வைக்க வந்த அன்று மாப்பிள்ளையின் அக்கா, “பொண்ணு கொஞ்சம் பூசுனாப்புல இருக்கு, போட்டோல தெரியலையே” என்று சொல்லிவிட்டுப் போனாளாம். அதிலிருந்து இந்தப் பெண் தன் வயிற்றைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டே நடந்தாள்.

பிரீத்தி எங்கள் தெருவுக்கு வந்தது என் இத்தாவின்போது. எதிர்வீட்டு முன்னறையை வாடகைக்குப் பிடித்து, எடை பார்க்கிற மிஷின் ஒன்றும் பொடி டப்பாக்களும் வைத்து, ‘ஆரோக்கிய மையம்’ என்று போர்டு மாட்டினாள். அவளைக் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பொடியை மற்றவர்களுக்குக் கொடுப்பதற்கு முன்னால் தானும் ஒரு கிளாஸ் கலக்கிக் குடிப்பாள். நம்பித்தான் விற்றாள். ஒருநாள் வீட்டுக்கு வந்து என் பழைய படம் ஒன்றும் புதுப் படம் ஒன்றும் கேட்டாள்.

“நான் ஒம் பொடியக் குடிக்கலையேம்மா” என்றேன்.

“நீங்க வெந்நீ குடிச்சதும் டீடாக்ஸ்தான்க்கா. ஒடம்புல வருசக்கணக்காச் சேந்த கழிவெல்லாம் வெளிய போயிருக்கு. எங்க பொடி அதையே இன்னும் சீக்கிரமாச் செய்யும், அம்புட்டுத்தான்.”

சரி என்றேன். அந்த நாட்களில் எல்லாவற்றுக்கும் சரிதான். கேஸ் தீர்ந்துவிட்டது என்றாலும் சரி, கூரை விழுந்துவிட்டது என்றாலும் சரி. எந்தக் கழிவு போயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். இருபத்தி நாலு வருஷம் கூட இருந்த மனுஷன்தான் போயிருந்தார்.

ஹாதியா தினமும் எனக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். நான் அதைத் திறந்ததே இல்லை. மதிய மணி அடித்ததும் பிரஸ் வாசலில் இருக்கிற வாட்ச்மேன் சுடலை அண்ணனிடம் அப்படியே கொடுத்துவிடுவேன். கழுவித் திருப்பிக் கொடுப்பார். ராத்திரி ஹாதியா சாப்பிடக் கூப்பிட்டால், மதியம் தின்றதே போதும் என்றுவிடுவேன். ஒருநாள் சுடலை அண்ணன், “தாயி, ஒம் மக கை தாராளமாயிக்கிட்டே போவுது. இன்னைக்கு ரெண்டு முட்டை” என்றார். சரி என்றேன். அவருக்குக் கன்னமெல்லாம் பளபளவென்று ஆகிவிட்டது. பிரீத்தி அவர் படத்தையும் ‘முன்’, ‘பின்’ என்று மாட்டியிருக்கலாம், இடத்தை மட்டும் மாற்றி.

கற்பகவல்லி பொடி குடிக்க ஆரம்பித்தது எனக்கு முதலில் தெரியாது. வேலைக்கு நடுவே அடிக்கடி வெளியே ஓடினாள். சூப்பர்வைசர் சத்தம் போட்டார். திரும்பி வந்து மிஷினைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உதடு வெடித்திருந்தது.

“என்னடி, பேதியா?”

“கழிவு போகுதுக்கா” என்று பெருமையாகச் சொன்னாள். “ஒங்க போட்டோவப் பாத்துத்தான் சேந்தேன். ஒங்க எலும்பு மாதிரி எனக்கும் தெரியணும்.”

அப்போதே அவள் கன்னத்தில் ஒன்று விட்டிருக்க வேண்டும். எனக்குக் கோபம்கூட ஒழுங்காக வரவில்லை. “போயி தயிர்சோறு தின்னு” என்றேன். அவள் கேட்கவில்லை.

அன்று மதிய மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் அவள் கீழே விழுந்தாள். காலண்டர் அட்டைக் கட்டுகளின்மேல் விழுந்ததால் மண்டை தப்பியது. விழுந்த கை மிஷின் பக்கம் போயிருந்தால் விரல்கள் இருந்திருக்காது. நான் என் பையையும் அவள் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு அவளோடு ஆட்டோவில் ஏறினேன். வழியெல்லாம் அவள் தலை என் மடியில் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா பார்த்தார். பொடி டப்பாவைக் கற்பகவல்லியின் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். மோந்து பார்த்துவிட்டு, “பேதி மருந்து மாதிரித்தான் இருக்கு. சோறும் தின்னாம இதைக் குடிச்சா ஒடம்புல இருக்கிற தண்ணியும் உப்பும்தான் போகும். அதைப் போயி கழிவுன்னு நினைச்சுக்கிறாங்க” என்றார். “கழிவைத் தள்ளத்தான் ஈரலும் கிட்னியும் ராப்பகலா வேலை பாக்குதே. அதுக்கு எதுக்கும்மா பொடி? கண்ணு முழிச்சதும் ஏதாச்சும் சாப்பிடச் சொல்லுங்க.”

கையில் டிரிப் ஏறிக்கொண்டிருக்கும்போது கற்பகவல்லி கண் விழித்தாள். கேன்டீனிலிருந்து இட்லி வாங்கி வந்து வைத்தேன். தலையைத் திருப்பிக்கொண்டாள்.

“வேண்டாங்க்கா. இன்னும் நாலு நாளுதான் இருக்கு. நடுவுல சாப்பிட்டா மொதல்ல இருந்து ஆரம்பிக்கணுமாம்.”

“சாப்பிட்டே ஆகணும்னு டாக்டரம்மா சொல்லிருக்காக. இல்லாட்டி செத்துப்போவடி!”

“ஒங்களுக்கு மட்டும் எப்படி பலிச்சுச்சு? நீங்க நல்லாத்தான இருக்கீக?”

நல்லாத்தான இருக்கீக. அந்த வார்த்தை எங்கேயோ போய்க் குத்தியது. பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டேன்.

“நான் ஒரு பொடியும் குடிக்கலடி! அவுக போனதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல. நெஞ்சு மரத்துப்போயிக் கெடக்கேன். நீ பாத்து ஆசப்படுறியே இந்தக் கழுத்து, இந்த எலும்பு, இது அம்புட்டும் எழவுடி. எழவு விழுந்த வீட்டுல போயி அழகு வாங்க வந்தியா?”

அவள் டிரிப் ஏறாத கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் விரல்கள் சுற்றி வந்து ஒன்றையொன்று தொட்டன.

“அப்ப நீங்களும் சாப்பிடுறதில்லையாக்கா?”

இட்லியை அவள் பக்கம் தள்ளினேன்.

“நீங்க சாப்பிடுங்க. நீங்க சாப்பிட்டா நானும் சாப்பிடுறேன்.”

சொன்னால் செய்கிறவள் அவள். இட்லி ஆறிக்கொண்டிருந்தது. நான் பையிலிருந்து ஹாதியா கட்டிக் கொடுத்த டப்பாவை எடுத்தேன். இத்தனை நாளில் அன்றுதான் அதை என் கையால் திறந்தேன்.

நெய்ச்சோறு, அடைத்து அடைத்து வைத்திருந்தாள். இரண்டு அவித்த முட்டை. ஓரத்தில் ஒரு காகிதப் பொட்டலத்தில் பேரீச்சம்பழம், எனக்குப் பல் வலி என்று கொட்டையை எடுத்துவிட்டு. டப்பா தினமும் காலியாக வீடு திரும்பியிருக்கிறது. அம்மா சாப்பிட்டும் எளைக்கிறாள் என்று நினைத்து அந்தப் பிள்ளை ஒரு முட்டையை இரண்டாக்கி, சோற்றில் நெய்யைக் கூட்டி, ஒரு வார்த்தை கேட்காமல் பயந்துகொண்டே கட்டியிருக்கிறாள். அம்புட்டையும் நான் வாசலில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஒரு வாய் எடுத்து வைத்தேன். கற்பகவல்லி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மென்றேன். விழுங்கினேன்.

“உப்பே இல்ல” என்றேன். எரிச்சலாக வந்தது. “இத்தன நாளா சமைக்கிறா, உப்புப் போடத் தெரியுதா பாரு இவளுக்கு.”

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. அது அவருடைய உப்பு. பிரஷர்காரருக்கு அளந்து போட்ட உப்பு. அவர் போய் இத்தனை மாதமாகியும் ஹாதியா கை மாறாமல் அதையேதான் போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் கூடவே இருந்தும் எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நான்தான் சாப்பிடவே இல்லையே.

அழுகை வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, வாயில் சோற்றை வைத்துக்கொண்டு, மூக்கு ஒழுக அழுதேன். கற்பகவல்லி இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு என்னோடு சேர்ந்து அழுதாள். சந்தோஷம் இல்லை அதில், ஆனால் அவள் தின்றாள். அவள் அம்மா வந்து சேர்கிற வரைக்கும் இருந்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

நேரே பிரீத்தியின் மையத்துக்குப் போனேன். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, இரண்டு படத்தையும் கழற்றினேன்.

“என்னக்கா இது? ஒங்களப் பாத்துத்தான் எல்லாரும் சேந்தாக. அவுகளுக்கு நான் என்ன சொல்ல?”

“புருஷன் செத்தா எளைக்கும்னு சொல்லு.”

பிரீத்திக்கு முகம் வெளிறிவிட்டது. கற்பகவல்லி ஆஸ்பத்திரியில் கிடப்பதைச் சொன்னேன். கையில் வைத்திருந்த கிளாஸை அவள் மேஜையில் வைத்தாள். அதற்குமேல் குடிக்கவில்லை. ‘பின்’ படத்தை அங்கேயே கிழித்துப் போட்டேன். ‘முன்’ படத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

ஹாதியா அடுப்படியில் பருப்புக் கடைந்துகொண்டிருந்தாள். பையிலிருந்து டப்பாவை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். இந்தத் தடவை கழுவியிருக்கவில்லை. ஓரத்தில் நெய் உறைந்து, நாலு பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“உப்புப் பத்தலம்மா” என்றேன்.

“அத்தாவுக்கு...” என்று தகப்பன் பேச்சை ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மத்து கையிலிருந்து நழுவிப் பருப்பில் சாய்ந்தது. நான் போய் அவளைப் பிடித்துக்கொண்டேன். எலும்பும் எலும்புமாக இருந்தாள். தன் முட்டையைத்தான் எனக்கு வைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

நிறைய நேரம் கழித்து உப்பு ஜாடியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் பருப்பில் ஒரு கை அள்ளிப் போட்டாள். இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். உப்பு கரித்தது. நான் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.