பெரியம்மா வந்தாச்சு

காலை ஆறு இருபதுக்கே ஹே பெய்லிங் டீச்சரின் வகுப்பில் ஐம்பத்திரண்டு பிள்ளைகள் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு இன்னும் எண்பத்தாறு நாள் என்று கரும்பலகையின் ஓரத்தில் எழுதியிருந்தது. டீச்சர் வழக்கம்போல வரிசைகளுக்கு நடுவே நடக்கவில்லை, நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். கறுப்புக் கால்சட்டை, அதன்மேல் முழங்கால் வரைக்கும் கறுப்புக் கோட்டு. இருபத்து மூன்று நாளாக அவள் கறுப்பைத் தவிர வேறெதுவும் உடுத்தவில்லை. இருபத்து மூன்று நாளாக உதிரப்போக்கு நிற்கவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. கணவன் ரோங்கிடம் "அசதியா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். "சுடுதண்ணி குடி" என்றான் அவன். சீனாவின் இச்சாங் நகரத்து ஆண்பிள்ளைகளுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். காய்ச்சலா, கல்யாணம் முறிந்ததா, எல்லாவற்றுக்கும் சுடுதண்ணி.

அசதியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அவளை உருக்கியது வேறு. அம்மாவின் அக்கா, பெய்லிங்கைப் பத்து வயது வரை மடியில் போட்டு வளர்த்த பெரியம்மா, செத்து நாலு மாதம் ஆகியிருந்தது. கருப்பையில் புற்று. கண்டுபிடித்தபோது கைமீறிப் போயிருந்தது. அன்றிலிருந்து, வீட்டுக் கதவைத் திறக்கும்போதெல்லாம் யாரோ அதுவரை வெளியே நின்றுவிட்டு அப்போதுதான் படியிறங்கிப் போன மாதிரி இருக்கும். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது பின் வாசலில் ஒரு நிழல் தயங்கும். திரும்பினால் யாரும் இல்லை. ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் போகிறாள் என்று மட்டும் பெய்லிங்குக்கு மனதில் பட்டது. என்ன சொல்ல வந்தாள் என்பதுதான் தெரியவில்லை.

அன்று இரண்டாம் பாடவேளையில் எழுதிக்கொண்டிருந்தபோது கண் இருட்டியது. பலகையைப் பிடித்துச் சமாளித்தாள். அடுத்த வகுப்பு பதினொரு மணிக்கு. அதற்குள் போய்வந்துவிடலாம் என்று பக்கத்துத் தெருவிலிருந்த சீனப் பாரம்பரிய வைத்திய மருத்துவமனைக்கு நடந்தாள். தேர்வு முடிகிறவரை ரத்தத்தை நிறுத்திவைக்க ஒரு கஷாயப் பொட்டலம் கிடைத்தால் போதும் என்பதுதான் அவள் கணக்கு.

மருத்துவர் டான் யுவே அவளைவிடப் பத்து வயது சின்னவள். மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள்.

"எத்தனை மணிக்குத் தூங்குறீங்க, டீச்சர்?"

"ஒரு மணி ஆயிடும். விடைத்தாள் இருக்கே."

"காலைச் சாப்பாடு?"

"நடந்துகிட்டே ஒரு பன்."

"யார் மேல இவ்வளவு கோபம்? நாடி கம்பி மாதிரி நிக்குது."

"கோபப்பட எனக்கு எங்க டாக்டர் நேரம்?"

டான் யுவே சிரித்துவிட்டாள். எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், அந்த ஊரில் எல்லா மருத்துவர்களும் எல்லாப் பெண்களிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"பெரியம்மா கடைசியா எப்ப வந்தாங்க?"

அந்த நாட்டில் மாதவிலக்கு என்ற சொல்லைப் பெண்கள் வாயால் சொல்வதில்லை. பெரியம்மா வந்திருக்கிறாள் என்பார்கள், பெரியம்மா போய்விட்டாள் என்பார்கள். பெய்லிங்கும் பதின்மூன்று வயதிலிருந்து அப்படிச் சொல்லி வளர்ந்தவள்தான். ஆனால் நாலு மாதமாக அவள் நெஞ்சில் ஒரே ஒரு பெரியம்மாதான் உட்கார்ந்திருந்தாள்.

"போன வருஷம் மார்ச் மாசம் வந்தாங்க," என்றாள். "நான்தான் பார்க்கல."

பேனா நின்றது. "ஒரு வருஷமா வரலையா?"

"இனிமே எப்படி வருவாங்க? செத்துட்டாங்க."

டான் யுவே மெதுவாகப் பேனாவைக் கீழே வைத்தாள். "டீச்சர், நான் அந்தப் பெரியம்மாவைக் கேட்கலை."

பெய்லிங்குக்கு முகம் சிவந்தது. சிரிக்க வாயெடுத்தவள் அப்படியே உறைந்துபோனாள். பெரியம்மா எழுதி அனுப்பியிருந்தது ஞாபகம் வந்தது. கைப்பையிலிருந்து போனை எடுத்துப் பெரியம்மாவின் பெயரைத் தேடினாள். செத்தவளின் பெயரை அழிக்க மனம் வராமல் வைத்திருந்தாள், திறந்து படிக்க மட்டும் இத்தனை நாளும் துணியவில்லை. போன மார்ச்சில் வந்த செய்தி அங்கேயே இருந்தது.

"பெரியம்மா மறுபடி வந்தாச்சு. ரெண்டு வாரம் ஆச்சு. உன்கிட்ட பேசணும்."

அதன் கீழே அவள் அனுப்பிய பதில்.

"இங்க மாதிரித் தேர்வு, தலைக்கு மேல வேலை. இப்ப பார்க்க முடியாது. பெரியம்மா ஊருக்குப் போகட்டும். லீவுல நானே வர்றேன்."

அதற்கும் கீழே ஒரே ஒரு சொல். "சரி."

பெரியம்மாவின் மகன் இதே நகரத்தில்தான் இருந்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு மூட்டை ஆரஞ்சோடு அவன் வீட்டில் வந்து இறங்குவது அவள் வழக்கம். மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டு நம் நேரத்தைத் தின்னப் போகிறாள் என்றுதான் பெய்லிங் அன்று நினைத்தாள். உண்மையில் பெரியம்மா ஊரைவிட்டுக் கிளம்பவே இல்லை. விலக்கு நின்று பதினைந்து வருடம் ஆனவளுக்கு மறுபடி ரத்தம் போயிருக்கிறது. அதைச் சொல்ல அவளிடம் வேறு சொல் இல்லை. வளர்த்த பிள்ளைக்குக் கூச்சத்தோடு அப்படி எழுதி அனுப்பினாள், ஊருக்குப் போ என்று பதில் வந்தது. சரி என்று போய்விட்டாள்.

பெய்லிங் போனை மேசைமேல் கவிழ்த்துவைத்துவிட்டு அழுதாள். வகுப்புக்கு நேரமாகிறதே என்ற நினைப்பு அந்த ஒரு வருடத்தில் முதல்முறையாக அவளுக்கு வரவில்லை.

அழுது ஓய்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள், இருபத்து மூன்று நாள் உட்பட. சொல்லிவிட்டு, பழக்கம் விடுமா, "டாங்குயி வேர் ஏதாவது எழுதிக் குடுங்க டாக்டர். பொம்பளைங்க எல்லாரும் அதைத்தானே குடிக்கிறாங்க," என்றாள்.

"நல்ல வேர்தான், நானே தினமும் எழுதுறேன். ஆனா அது ரத்தத்தை ஓட வைக்கிற வேர். எதனால போகுதுன்னு தெரியாம, ரத்தம் போறவங்க அதைக் குடிச்சா எரியிற தீயில எண்ணெய் ஊத்துற கதைதான். முதல்ல மாடிக்குப் போய் ஸ்கேன் எடுங்க. கருப்பைச் சவ்வுல கொஞ்சம் எடுத்துப் பரிசோதிக்கணும். கஷாயம் எங்கேயும் ஓடிப்போயிடாது."

"பதினொரு மணிக்கு வகுப்பு இருக்கு…"

"டீச்சர் இல்லாட்டி பிள்ளைங்க ஒரு மணி நேரம் சந்தோஷமா இருப்பாங்க. போங்க."

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. செல்கள் மாற ஆரம்பித்திருந்தன, இன்னும் புற்றாகவில்லை. மாத்திரையால் திருப்பக்கூடிய நிலை. இன்னும் ஒரு வருடம் கறுப்புக் கோட்டுக்குள் ஒளித்துவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டான் யுவே சொல்லவில்லை. மகப்பேறு மருத்துவர் மாத்திரை கொடுத்தார். டான் யுவே உடம்பு தேறக் கஷாயம் எழுதினாள், கூடவே கண்டிப்பான உத்தரவும் போட்டாள். பத்தரை மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும். உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மாசிபத்திரி போட்ட வெந்நீரில் கால் வைத்துப் பத்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும், விடைத்தாள் இல்லாமல். கோபம் வந்தால் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். விடியற்காலை வகுப்பை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்தபோது தலைமையாசிரியர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஒரு உத்தரவை மட்டும் அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். "இது சில குடும்பத்துல தொடர்ந்து வரும். உங்க அம்மாகிட்ட கேளுங்க," என்றிருந்தாள் டான் யுவே. கேட்டால் அந்தச் செய்தியைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். உன் அக்காவைத் திருப்பி அனுப்பியது நான்தான் என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? ஆனால் நிழல் விடவில்லை. முன்பு தயங்கி நின்றது, இப்போது அவசரப்படுத்துவது போலிருந்தது. கடைசியில் ஒரு மத்தியான வேளை, ஆற்றங்கரையில் நடந்துகொண்டே அம்மாவைக் கூப்பிட்டாள். எதையும் மறைக்காமல் சொல்லி முடித்தாள்.



"அக்கா என்கிட்டயும் சொன்னாடி லிங்லிங்," என்றாள் அம்மா. "யார்கிட்டயும் சொல்லாதே, இந்த வயசுல கேவலம்னு சொன்னா. நான்தான் டாங்குயி வாங்கி அனுப்பினேன். மாசா மாசம் அனுப்பினேன். உடம்புக்கு நல்லதுன்னுதானே எல்லாரும் குடிக்கிறாங்க."

போனுக்கு அந்தப் பக்கம் மூடி தடதடக்க ஏதோ கொதிக்கும் சத்தம் கேட்டது.

"அடுப்புல என்னம்மா?"

மூடியை அவசரமாக எடுத்துவைக்கும் சத்தம் மட்டும் வந்தது.

"அம்மா, அடுப்புல என்ன?"

"அக்காவுக்கு அனுப்பினது மிச்சம் இருந்துச்சு…"

"எத்தனை நாளா?"

"பெரியம்மா வந்து ஒரு…"

"பெரியம்மா வரலைம்மா!" கரையில் நடந்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெய்லிங் குரலைத் தாழ்த்தவில்லை. "பெரியம்மா செத்துட்டாங்க. நாம ரெண்டு பேரும் சேர்ந்து சாகவிட்டோம். வர்றது ரத்தம். ரத்தம்னு சொல்லு."

"எப்படிடி அதை வாயால…"

"சொல்லும்மா."

"ரத்தம்," என்றாள் அம்மா. அறுபத்திரண்டு வயதில் முதல்முறையாகச் சொல்கிறவளைப் போலத் தடுமாறினாள். "ரெண்டு மாசமா ரத்தம் போகுது, லிங்லிங். பயமா இருக்கு."

"அடுப்பை அணைச்சிட்டுக் கிளம்பு. ரெண்டு மணி பஸ் இருக்கு, நான் நிலையத்துல நிக்கிறேன்," என்றாள் பெய்லிங். "மருந்து நல்ல மருந்துதாம்மா. ஆனா வெட்கப்பட்டு நோயை மறைச்சுவச்சா எந்த மருந்தும் விஷம்தான். பொம்பளை தன் உடம்புல நடக்கிறதை அதோட பேரைச் சொல்லிப் பேசணும். அதுதான் முதல் வைத்தியம்."