காதோடு சொன்னது

பன்னிரண்டாவது ஆள் வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு ராகம் எடுத்தபோது, கண்ணம்மாளுக்குத் தோள்பட்டை இற்று விழுந்துவிடும்போல இருந்தது. விடிந்ததிலிருந்து இதே வேலைதான். வருகிறவள் தெருமுனையிலேயே கூந்தலை அவிழ்த்துவிட்டுக்கொண்டு ஓடிவருவாள், கட்டிக்கொள்வாள், ஒரு பாட்டம் அழுவாள். அழுகைக்கு நடுவிலேயே, "காப்பித்தண்ணி குடிச்சியாடி? வெறும் வயித்தோட கெடக்காத" என்று காதில் கேட்டுவிட்டு, மூச்சு விடாமல் ஒப்பாரியின் அடுத்த அடியைப் பிடித்துக்கொள்வாள். இழவு வீட்டில் ரகசியம் பேச அதைவிடத் தோதான இடம் கிடையாது.

ஐஸ் பெட்டிக்குள் ஒச்சப்பன் படுத்திருந்தான். சாணார்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு வேனில் பூ ஏற்றி வந்த மனுசன், கண்ணம்மாளின் புருசன். நாகல் நகரில் கேட்டவர்களுக்கெல்லாம் டி.பி. என்று சொல்லியிருந்தார்கள். அது பொய்யில்லை. டி.பி.க்குப் பின்னால் எச்.ஐ.வி. இருந்தது கண்ணம்மாளுக்கும் பெரியாஸ்பத்திரியில் அதற்கென்றே இருக்கிற நம்பிக்கை மையத்து மேடத்துக்கும் மட்டும்தான் தெரியும். அவளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவளுக்கும் இருந்தது. ஒரு மாசமாக மாத்திரை போடுகிறாள்.

"சாரு ரொம்ப லேட்டா வந்துட்டாரும்மா. நீங்க விடாம மாத்திரை போட்டா நல்லா இருப்பீங்க" என்றார் மேடம். வேறு யாருடனாவது பழக்கம் உண்டா, அவர்களும் வந்து பார்க்கணும், உங்கள் பேரைச் சொல்லாமல் நாங்களே கூப்பிடுகிறோம் என்று ஒச்சப்பனிடம் எம்புட்டோ கேட்டுப் பார்த்தார். "யாரும் இல்ல மேடம்" என்று சாதித்துவிட்டான் பாவி.

முந்தாநாள்தான் வாயைத் திறந்தான். "தமிழ்மதின்னு ஒருத்தி... தோட்டத்துல பூப்பறிக்க வருவா. புருசன் விட்டுட்டுப் போனவ. ஆறு வருசம். அவகிட்டச் சொல்லிரு."

"எங்கிட்ட இதச் சொல்ல நாக்குக் கூசலையா ஒங்களுக்கு?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். எந்த ஊர், என்ன நம்பர் என்று கேட்க அவளுக்கு வீம்பு விடவில்லை. மறுநாள் காலையில் கேட்கலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தபோது அவனுக்குப் பேச்சு நின்றுவிட்டது. அவன் போனில் தேடினாள். அந்தப் பேரில் ஒரு நம்பரும் இல்லை.

இனி அவளாக வந்தால்தான் உண்டு. வராவிட்டால் எந்தத் தோட்டத்தில் போய்த் தேடுவது? செத்தால் சாகட்டுமே என்றும் ஒரு நிமிசம் நினைத்தாள். ஆறு மாசமாக அவன் இருமின இருமல் ஞாபகத்துக்கு வந்தது. அடுத்த நிமிசமே, வந்து தொலையேண்டி என்று தெருவைப் பார்த்தாள்.

பதினொரு மணிக்கு வந்தாள். கையில் அவளே கட்டின மல்லிகை மாலை. பந்தலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். ஒச்சப்பனின் தங்கச்சி முத்துப்பேச்சிக்கு மார்க்கெட் பேச்சு காதில் விழுந்திருந்தது போலும், ஆளைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"ஏண்டி, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்த? வாசல மிதிச்ச, வெளக்கமாறு பிஞ்சிரும்!"

வாசலில் அடித்துக்கொண்டிருந்த கொட்டு நின்றது. வந்தவள் யாரென்று கண்ணம்மாளுக்கு விளங்கிவிட்டது. தமிழ்மதி மாலையை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

கண்ணம்மாளுக்குக் கால் மரத்துப்போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "ஏ பேச்சி, விடு. சாவு வீட்டுக்கு வந்தவள வெரட்டக் கூடாது."

விறுவிறுவென்று போய், மற்றவர்களைக் கட்டிக்கொண்ட மாதிரியே அவளையும் கட்டிக்கொண்டாள்.

அவள் உடம்பு கட்டையாக விறைத்து நின்றது. கழுத்திலிருந்து மல்லிகை வாசம் வந்தது. ஒச்சப்பனின் சட்டையில் வந்த அதே வாசம். பூ வண்டி ஓட்டுகிறவன் சட்டையில் வேறு என்ன வாசம் வரும் என்று ஆறு வருசமாகத் துவைத்துப் போட்டாளே, அம்புட்டு வெகுளியா ஒருத்தி! அந்தக் காதைக் கடித்துத் துப்பிவிடலாம்போல ஆத்திரம் வந்தது.

"ஐயோ எஞ்சாமீ..." என்று ஓங்கி ஒரு குரல் எடுத்துவிட்டு, காதோடு சொன்னாள். "சத்தமா அழு. நான் சொல்றது வெளிய கேக்கக் கூடாது."

"அக்கா, மன்னிச்சிரு..." என்று அழுதாள் தமிழ்மதி.

"அத விடு. அவருக்கு டி.பி. மட்டுமில்ல. எச்.ஐ.வி. எனக்கும் வந்திருச்சு. நீ போயி ரத்தம் டெஸ்ட் எடுக்கணும்."

தமிழ்மதியின் அழுகை பட்டென்று நின்றது. கண்ணம்மாள் ஊர் காதுக்காக அவளுக்கும் சேர்த்து ஒரு பாட்டம் அழுதாள்.

"பெரியாஸ்பத்திரியில நம்பிக்கை மையம்னு கேளு. பேரு வெளிய போகாது. இருந்தாலும் மாத்திரை குடுப்பாக, பொழச்சுக்கலாம். இவரு மாதிரி ஒளிச்சு ஒளிச்சுச் சாகாத."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையேக்கா."

"எங்கிட்ட மட்டும் சொன்னாராக்கும்?"

காலையிலிருந்து கண்ணம்மாள் அழுததெல்லாம் வந்தவர்களுக்காக. இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. இருவரும் ராகமில்லாமல், வார்த்தையில்லாமல் அழுதார்கள். பந்தலில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தல முழுகணும்னு நேரா வீட்டுக்குப் போயிராத" என்றாள் கண்ணம்மாள். "வீட்டுக்குப் போனா பயம் வந்திரும், அப்புறம் வர மாட்ட. இப்புடியே போ. பதினாறு கழியாம என்னால வாசல் தாண்ட முடியாது. இல்லேன்னா நானே கூட்டிட்டுப் போவேன்."

கையை எடுத்தாள். தமிழ்மதி மாலையைக் கொண்டுபோய்ப் பெட்டி மேல் வைத்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நடந்தாள்.

முத்துப்பேச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்ன மதினி, அவகிட்டப் போயி அம்புட்டு நேரம் அழுத?"

கண்ணம்மாள் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாணார்பட்டிக்கு இடது பக்கம் போகணும், பெரியாஸ்பத்திரிக்கு வலது பக்கம். தமிழ்மதி முனையில் நின்றாள். சாணார்பட்டி பஸ் வந்து, நின்று, போனது. அவள் ஏறவில்லை. அப்புறம் ஒரு ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினாள். குனிந்து என்னவோ சொன்னாள், ஏறினாள். ஆட்டோ வலது பக்கம் திரும்பியது.

"பாத்தியா மதினி! துட்டிக்கு வந்தவ வீட்டுக்குப் போயி தல முழுகாம, டவுனுக்குள்ள ஊரு சுத்தப் போறா. கொழுப்பப் பாரேன்!"

கண்ணம்மாள் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"ஒரு வாய் காப்பி இருந்தா குடு பேச்சி."