நடுவில் வெளுத்த ஐஸ்

விரல்கள் மடங்க மறுத்தன. சட்டைப் பொத்தானோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஐஸ் கம்பெனியில் ஆயுசில் பாதியை உப்புத் தண்ணீரில் கழித்தவனுக்குக் காலையில் கை இப்படித்தான் இருக்கும். வெந்நீரில் முக்கி, தொடை இடுக்கில் வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் வழிக்கு வரும். போன மாதம் வரை மகள் ஓடிவந்து போட்டுவிடுவாள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த நாட்களில்கூட, வீட்டில் இருந்தால் விடமாட்டாள். "பாப்பாவுக்கு யூனிஃபார்ம் ரெடி!" என்று அப்பாவைக் கேலி செய்து முதுகில் ஒரு தட்டு.

மனைவி அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே வரவில்லை.

"மத்தியானம் அண்ணன் வரான். அவன்கூடப் போறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியாது. திரும்பி வருவேனான்னும் தெரியாது. கல்லோட எத்தனை நாள் குடும்பம் நடத்துறது?"

அவர் கடைசிப் பொத்தானைப் போட்டு முடித்தார். எந்த இடி விழுந்தாலும் அவரிடம் இருந்தது ஒரே பதில்தான்.

"போறதும் இருக்கிறதும் உன் இஷ்டம். அது என் கையில இல்ல."

"ஆமா. உங்க கையில என்னதான் இருந்துச்சு?" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். டிபன் பாக்ஸ் கட்டிவைக்கப்படாமல் கவிழ்ந்து கிடந்தது. அவரே எடுத்து, பானையிலிருந்து சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கையில் இருக்கிறது, கையில் இல்லாதது என்று உலகத்தை இரண்டாகக் கிழித்துக்கொண்டது அவருக்குப் படிப்பில் வந்ததல்ல. மூட்டை தூக்கிய வீட்டில் பிறந்தவர். மீசை அரும்பும் முன்பே, லாரியிலிருந்து சரிந்த சரக்கு அப்பாவை நசுக்கியதைக் கண்ணால் பார்த்தார். அடுத்த வாரம் அதே லாரியில் அதே மூட்டைக்கு முதுகைக் கொடுத்தார். எவ்வளவு அழுதாலும் மூட்டை ஒரு பிடிகூட இளைக்காது என்று அன்றைக்குத் தெரிந்தது. கம்பெனியில் கரண்ட் போனால் மற்றவர்கள் கரண்ட் ஆபீசின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டுவார்கள். இவர் கிரீஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு செயினுக்குப் போடப் போய்விடுவார்.

அதற்கு ஒரு பெயர் உண்டு என்று சொன்னவள் மகள். அவளுக்கு ரத்தத்தில் நோய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு கையில் ஊசியும் மறுகையில் போனுமாகக் காலேஜ் பாடம் படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சிரித்தாள்.

"அப்பா, உன்னை மாதிரி ஆளுங்க ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இருந்திருக்காங்க. ஸ்டோயிக்னு பேரு. அந்தக் கூட்டத்துல ராஜாவும் இருந்திருக்கான், அடிமையும் இருந்திருக்கான்."

"ஐஸ் கம்பெனிக்காரன்?"

"அந்த ஒரு குறைதான். அதுக்குத்தான் நீ வந்துட்டியே."

நோய் வருவதும் போவதும் நம் கையில் இல்லை, அதை எப்படித் தாங்குகிறோம் என்பது மட்டும்தான் நம் கையில் என்று அவள் விளக்கினாள். "இதுக்கு ஒரு புஸ்தகமா? என்னைக் கேட்டிருந்தா சும்மாவே சொல்லியிருப்பேனே," என்றார். ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது, கிளம்பிவிட்டார். ஆனால் அந்தப் பேச்சை இடுப்புத் துண்டு மாதிரி இறுக்கிக் கட்டிக்கொண்டார். மகளின் மூச்சு நின்ற அன்றைக்கு ஆஸ்பத்திரிக் காகிதங்களில் கையெழுத்துப் போட்டார், வண்டி பேசினார், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. மறுநாளே வேலைக்கும் போனார். "இரும்பு மனுஷன்பா!" என்று உறவுக்காரர்கள் வியந்தார்கள். அதைக் கேட்ட அன்றைக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள்தான் அவர் மனைவி.

கம்பெனியில் அவருடைய வேலை தொட்டியின் மேல். மரப் பலகை மூடிகளுக்குக் கீழே, உறையாத உப்புத் தண்ணீரில், நல்ல தண்ணீர் நிரப்பிய தகர கேன்கள் வரிசை வரிசையாக நிற்கும். கேனின் நடுவில் ஒரு காற்றுக் குழாய். குழாய் தண்ணீரை அலைக்கழித்துக்கொண்டே இருந்தால்தான் ஐஸ் கண்ணாடி மாதிரி உறையும். ஓரத்திலிருந்து உறைந்துகொண்டு வரும்போது தண்ணீரிலுள்ள அழுக்கெல்லாம் நடுவில் வந்து ஒதுங்கும். அந்த நேரம் பார்த்துக் குழாயை உருவி, நடுத் தண்ணீரை உறிஞ்சி எடுத்து, புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கொஞ்சம் அசந்தால் குழாய் ஐஸோடு சேர்ந்து இறுகிவிடும், நடுப்பகுதி பால் மாதிரி வெளுத்துவிடும். புதிதாக வந்தவர்கள் செய்கிற தப்பு அது. அவர் வரிசை ஐஸை நிறுத்தி வைத்து அந்தப் பக்கம் நிற்கிறவனின் பல்லை எண்ணலாம் என்பார்கள். அவர் பார்த்துவிட்டுப் போகிற வரிசையை மறுநாள் விடிவதற்குள் வேறு ஆட்கள் தூக்கிவிடுவார்கள். வெளியே வரும் ஐஸை அவர் பார்ப்பதில்லை.

மத்தியானம் மனைவி வந்தாள். கேட்டுக்கு வெளியே அண்ணனின் வேன். ஈரத் தரையில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கம்ப்ரசர் இரைச்சலுக்கு முகத்தைச் சுளித்தபடி வந்தவள், வீட்டுச் சாவியை நீட்டினாள்.

"பால்காரன்கிட்ட நிறுத்தச் சொல்லிட்டேன். துணி மாடியில காயுது, எடுத்துக்கோங்க."

"சரி."

"வேற ஒண்ணும் கேக்கமாட்டீங்களா?"

"என்ன கேக்கணும்?"

ஐஸை லாரியில் ஏற்றுகிறவன் அங்கேதான் நின்றிருந்தான், கம்பெனியில் அவனுக்குக் கொக்கி என்று பட்டப்பெயர். ஆளும் கொக்கி மாதிரி வளைந்தவன், கையிலும் எந்நேரமும் கொக்கி. வாயை மட்டும் எதிலும் மாட்டிவைக்கத் தெரியாதவன்.

"அண்ணி, அண்ணனைக் கூட்டிட்டுப் போயிடுங்க. கொஞ்ச நாள் வீட்டுல இருக்கட்டும். எங்களால இதுக்கு மேல மறைக்க முடியல."

"என்னத்தடா மறைச்சீங்க?" என்றார் அவர்.

கொக்கி நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு, வெளியே வந்தது வந்துவிட்டது என்பதுபோல ஐஸ் அறைக்குள் போய் ஒரு கட்டியைச் சரசரவென்று இழுத்துவந்து வெளிச்சத்தில் போட்டான். நெடுகிலும் நடுவில் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் எலும்பு மாதிரி ஒரு காற்றுக் குழாய்.

"யாரு வரிசை இது?"

"உங்களுதுதாண்ணே. பாப்பா போனதுல இருந்து பாதிக்குப் பாதி இப்படித்தான் வருது. வெள்ளையா இருக்கிறதை எல்லாம் மீன் லோடுல தள்ளிட்டு, மத்தவங்க வரிசைல இருந்து ஜூஸ் கடைக்கு அனுப்புறோம். மேஸ்திரிக்குத் தெரியாது."

"காத்து அடைச்சிருக்கும். குழாய்ல கோளாறு."

"குழாயை நீங்க எடுக்கவே இல்லண்ணே. மூடியத் திறந்து வச்சுக்கிட்டு அப்படியே நிப்பீங்க. பக்கத்துல வந்து கூப்பிட்டாலும் காதுல விழாது. போய்ப் பிடிச்சு உலுக்கலாம்னா எங்களுக்கு மனசு வரல."

அவர் கட்டியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இந்தக் கைதான். இது ஒன்றுதான் தன் வசத்தில் இருக்கிறது என்று நம்பியிருந்தார்.

கொக்கி நழுவிவிட்டான். மனைவி நின்றுகொண்டே பேசினாள். குரலில் காலையில் இருந்த காரம் இல்லை.

"அன்னைக்கு அவ பாடம் சொல்லிட்டு இருந்தப்ப நீங்க ஷிப்டுக்குக் கிளம்பிட்டீங்க. மீதியை என்கிட்டத்தான் சொன்னா. கண்ணுல தண்ணி வந்தா அந்த ரெண்டாயிரம் வருஷத்து ஆளுங்க தப்புன்னு சொல்லலியாம். அது உடம்போட வேலையாம், வேர்வை மாதிரி. அதுவும் கையில இல்லாத கணக்குலதான் சேருமாம். அதுலயே மூழ்கிப் போயிடாம இருக்கிறதுதான் நம்ம வேலையாம். 'அப்பா பாதியக் கேட்டுட்டு ஓடிட்டாரும்மா, மீதியை நீ சொல்லிடு'ன்னா."

"ஏன் சொல்லல?"

"எங்க சொல்றது? அவ போன மறுநாளே டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு இங்க ஓடி வந்துட்டீங்க. வீட்டுக்கு வந்தா, ஆக வேண்டியதைப் பாருங்கறீங்க. நீங்க கல்லுன்னே நானும் நினைச்சுட்டேன். இங்க வந்து இந்தத் தண்ணிகிட்ட நிக்கிற ஆளு, என் பக்கத்துல வந்து நிக்கலியே."

அவர் முகத்தைச் சுளித்தார், உதட்டைக் கடித்தார், தொண்டையைச் செருமினார். அழ முயல்கிற கிழட்டு முகம் பார்க்கச் சகிக்கவில்லை. ஒன்றும் வரவில்லை.

"வரமாட்டேங்குதுடி."

"வராது. இறுகிப் போச்சு." அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சேலை நனைவதைப் பார்க்கவில்லை. வேனின் ஹாரன் ஒரு தடவை அடித்தது, இன்னொரு தடவை அடித்தது. மூன்றாவதற்கு எழுந்தாள்.

"இருந்துடேன்," என்றார். இத்தனை வருஷத்தில் தன் வசத்தில் இல்லாத ஒன்றை அவர் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் யோசித்தாள். "இல்லங்க. அங்க எங்கண்ணி இருக்கா. நான் அழுதா கூட உக்காந்து அவளும் அழறா. எனக்கு இப்ப அதுதான் வேணும்."

"ஞாயித்துக்கிழமை வரட்டுமா?"

"வாங்க. ஆறுதல் சொல்றதுக்குன்னு வராதீங்க." சாவியை மூடிப் பலகையின் மேல் வைத்தாள். அவர் தோளைப் பிடித்து ஒரு முறை அழுத்திவிட்டுப் போனாள். வேன் திரும்புகிற சத்தம் கம்ப்ரசர் இரைச்சலில் கரைந்தது.

அவர் எழுந்து மூடிகளைத் திறந்தார். நேரம் பார்த்துக் குழாய்களை ஒவ்வொன்றாக உருவினார், நடுத் தண்ணீரை உறிஞ்சினார், புதுத் தண்ணீர் ஊற்றினார். ஒன்றையும் விடவில்லை. மேஸ்திரி கடந்து போகையில் "என்னய்யா, ஊட்டுக்காரம்மா வந்தாங்களாமே?" என்றார். "ஆமா," என்றார் இவர்.

ரெண்டு பேர் அழ வேண்டியதை இந்த ஒரு மாதமாக அவள் ஒருத்தியே அழுதிருக்கிறாள். அதில் பாதி அவருடையது. அந்தக் கடனை அவர் இன்னும் அவளுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை.